ஆறு ஸ்குரூவும் சீனித்தாயும்

என் தங்கச்சி சீனித்தாய் ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் தடவை இருபத்தொன்பது வாங்கித் தோற்றவள், அதே வருஷம் மறுதேர்வில் எழுபத்தொன்று வாங்கினாள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இடமில்லை என்று எலெக்ட்ரிகல் பிரிவில் போட்டார்கள். நாற்பத்திரண்டு பையன்களுக்கு நடுவே இருந்த மூன்று பெண்களில் ஒருத்தியாக அதை முடித்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு ஜெராக்ஸ் மிஷின்தான் என்று சொன்ன கடையில், கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டுகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சை ஒரு தடவை இழந்து மறுபடியும் வாங்கினாள். அங்கே வேலை பார்த்த பெர்சியின் வாயை ஜெயித்தாள். மழைக்காலத்தில் கடலிலிருந்து அடிக்கும் கொண்டல் காற்றை ஜெயித்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தையும் ஜெயித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியல்ல. வெள்ளம் லாரி டிரைவர் ராஜபாண்டி வீட்டில் கட்டில் உயரத்தோடு நின்றுவிட்டது. அதில் அவள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் பூட்டிய கம்ப்யூட்டர் அங்கே நாலரை அடி உயரத்தில் சுவர்த் தட்டில் இருந்தது. அந்த இடத்தைக் காட்டியவள் அவள்.

நான் அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன், பெயர் முத்துக்குமரன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். முத்தையாபுரத்திலிருந்து துறைமுகம் போகிற சாலையில் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் எழுத்தராக இருக்கிறேன். வண்டி வெறுமனே வரும்போது ஒரு எடை, சரக்கோடு திரும்பும்போது ஒரு எடை. தேதி, நேரம், வண்டி எண் மூன்றும் இல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

சீனித்தாயால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "கால ஆட்டாதளா, வீடே ஆடுது" என்று அம்மா சொல்லாத நாளில்லை. ரேடியோவோ மிக்சியோ வீட்டில் எது நின்றாலும் அவளுக்கு முன்னால் வேறு யாரும் தொடமுடியாது. அவள் பெயர் அப்பா வழியில் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் "சீனி டப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கே அந்தப் பெயரை முழுதாகச் சொல்லப் பிடிக்காமல் போய்விட்டது. கையெழுத்துப் போடச் சொன்னால் இங்கிலீஷில் எஸ், டி என்று இரண்டு எழுத்தைக் கிறுக்குவாள். பேங்க் பாஸ்புக்கிலும் அதுதான், பாலிடெக்னிக் சான்றிதழிலும் அதுதான்.

2017-ல் ஒரு நாள் மத்தியானம் எடைமேடைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. பதினோரு லாரிகள் வரிசையில் நின்றன. திருநெல்வேலியிலிருந்து ஆள் வர நாளைக்கு ஆகும் என்றார்கள். எனக்குச் சோறு கொண்டுவந்த சீனித்தாய் பெட்டியைத் திறந்து, ராம் என்கிற சின்னப் பட்டையை உருவி, என் மேஜையில் கிடந்த பென்சில் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மறுபடி சொருகினாள். திரை வெளிச்சமானது. வரிசையில் மூன்றாவதாக நின்ற கண்டெய்னர் லாரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏ தாயி, ரப்பர வச்சு அழிச்சா வேல செய்யுமா? எங்க மொதலாளிக்கும் ஒரு தேய்ப்பு தேயேன்" என்றார். அவர்தான் ராஜபாண்டி.

படிப்பு முடிந்து 2019 அக்டோபரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தாள். முன்பக்கம் ஜெராக்ஸ், போன் கவர். பின்பக்கம் நீளமான ஒரு பெஞ்ச். அங்கேதான் வாடிக்கையாளர் கேட்கிற கம்ப்யூட்டரைத் தனித்தனிப் பாகமாக வாங்கிப் பூட்டுவார்கள். பெஞ்சுக்குப் பெரியவன் பெர்சி, முப்பது வயது, கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. சீனித்தாய் மூன்று வருஷம் ஜெராக்ஸ் எடுத்தாள். எடுத்துக்கொண்டே பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்ச் அவளுக்குக் கிடைத்தது ராஜபாண்டியால். அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் டெல்லி வரை லாரி ஓட்டியவர். இப்போது துறைமுகத்துக்கும் குடோனுக்கும் நடுவே மட்டும் ஓட்டுகிறார். அக்கா மகன் வீட்டில், கயத்தாறில், லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் விலை கேட்டார்.

"நாள் பூரா லாரி ஓட்டிட்டு வீட்டுலயும் லாரியா அண்ணாச்சி?" என்றேன்.

"எங்க தம்பி ஓட்டுதேன்? எட்டுக் கிலோமீட்டரு போறேன், எட்டுக் கிலோமீட்டரு வாரேன். நாலாவது கியர் போட்டு வருசம் ஆறு ஆச்சி. அதுல ரோடு போய்க்கிட்டே இருக்கு தம்பி. முடியவே மாட்டேங்கு."

ஐம்பத்தைந்தாயிரம் வைத்திருந்தார். திரைக்கு வீட்டு டிவி, ஸ்டியரிங் அக்கா மகனுடைய பழையது. மிச்ச எல்லாம் அந்தப் பணத்துக்குள். "என் தங்கச்சி பூட்டிக் குடுப்பா" என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். "அந்தப் பிள்ள பூட்டட்டும்" என்று அவர் கடையில் போய்ச் சொல்ல, அண்ணாச்சி யோசித்துச் சம்மதித்தார்.

அவள் பாகங்களைத் தேர்ந்தெடுத்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அச்சு சரியாக விழாத எடைச்சீட்டுகளை நான் கொண்டுவருவேன். அவற்றின் முதுகில் பட்டியல் எழுதுவாள், அடிப்பாள், வேறு எழுதுவாள். பத்தொன்பது பட்டியல்கள் என்னிடம் இருக்கின்றன. பிராசசரில் ஆயிரம் குறைத்தால் கிராபிக்ஸ் கார்டில் ஆயிரம் ஏற்றலாம். கார்டை ஏற்றினால் அதற்குச் சோறு போடும் பவர் சப்ளையை ஏற்ற வேண்டும். அதை ஏற்றினால் மறுபடி பிராசசரில் கைவைக்க வேண்டும். அம்மா இட்லியை வைத்துவிட்டு, "ஏளா, கல்யாணச் சீர்வரிசைகூட இத்தன வாட்டி எழுத மாட்டாவ" என்றாள்.

கடைசியில் எட்டு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டே இருபத்திரண்டாயிரம் ஆயிற்று. விளையாட்டுப் படம் தெளிவாக ஓடுவது அந்தக் கார்டால்தான், சூடாவதும் அதுதான். சூட்டைக் குறைக்கத் தனிச் செலவு செய்யப் பணமில்லை. அதனால் முன்பக்கம் முழுக்க வலை வைத்த, காற்று தாராளமாகப் புகும் பெட்டியாக வாங்கினாள். 2022 செப்டம்பர் பதினொன்றாம் தேதி ராஜபாண்டி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அவர் வீடு துறைமுகச் சாலையில், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே. முன்னறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அதன் பக்கத்திலேயே பெட்டியை வைத்தாள்.

"கடக்காத்து சும்மா வருது. ஏசி போட்ட மாதிரி இருக்கும் பாண்டியண்ணே. ஜன்னல மட்டும் சாத்தாதிய."

நானும் தலையாட்டினேன். இங்கே கடலைப் பார்த்த ஜன்னலை யார் சாத்துகிறார்கள்? வீட்டை வாடகைக்கு விடுகிறவர் முதலில் காட்டுவதே அந்த ஜன்னலைத்தான். அவள் பார்த்த வீடியோக்களில் எல்லாம் காற்றோட்டம், காற்றோட்டம் என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் உப்பளத்துக்கு நடுவே இருந்து சொல்லவில்லை.

2023 ஜனவரி ஒன்பது, திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் செத்தது. நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நடுவில் கொண்டல் தொடங்கியதிலிருந்து அந்த ஜன்னல் திறந்தே இருந்திருக்கிறது. கடைக்கு எடுத்துப்போய்ப் பெஞ்சில் வைத்துப் பெர்சி திறந்தான். மதர்போர்டின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்குரூ ஒவ்வொன்றும் செங்கல் நிறம். கார்டின் விசிறி சுற்றவில்லை.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க" என்று பெர்சி கூப்பிட்டான். "இது கம்ப்யூட்டரு இல்ல, கருவாடு. நம்ம சீனி உப்புப் போட்டுக் காய வச்சிருக்கா."

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கடையில் கருவாடு என்று பெயர்.

துருப்பிடித்த பாகத்துக்குக் கம்பெனி கேரண்டி கிடையாது. ஆனால் கடை தன் பங்குக்கு ஒரு வருஷக் கேரண்டித் தாள் ஒன்று கொடுக்கும். அதில் எப்போதும் அண்ணாச்சியின் கையெழுத்துத்தான். அதற்குக் கட்டுப்பட்டு அவர் பதினைந்தாயிரம் தருகிறேன் என்றார். ராஜபாண்டி மேலே பத்தாயிரம் போடுகிறேன் என்றார். பிராசசரும் ராமும் தப்பித்திருந்தன. இருபத்தைந்தாயிரத்துக்குள் போர்டு, கார்டு, பவர் சப்ளை, பெட்டி நாலும் புதிதாக வாங்க வேண்டும்.

"இந்த வாட்டி பெர்சி பூட்டட்டும். நீ ஜெராக்ஸப் பாரு" என்றார் அண்ணாச்சி.

ராஜபாண்டி அசையவில்லை. "அந்தப் பிள்ளயே பூட்டட்டும் அண்ணாச்சி. பெர்சி பூட்டுனா எனக்கு உரிமையாத் திட்டக்கூட ஆளு இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. பதினைந்தாயிரம் போன வருத்தம். "சரிளா. ஒரே வாட்டி. இதுவும் ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வந்துச்சின்னா பெஞ்சுப் பக்கமே தல காட்டப்படாது. ஜெராக்ஸோட சரி. சம்மதமா?"

"சம்மதம். ஆனா எனக்கு ரெண்டு மாசம் டைம் வேணும்."

"என்னத்துக்கு ரெண்டு மாசம்?"

"கொண்டல் அடிக்கும்போதே பாக்கணும் அண்ணாச்சி."

என்ன பார்க்கப் போகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை, கடைப் பெட்டியிலிருந்து புது ஸ்குரூ ஆறு எடுத்துவந்தாள். உப்புத்தாளால் அவற்றின் மேற்பூச்சு போகிறவரை தேய்த்தாள். ஆறு மருந்துப் பாட்டில் மூடிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு எண் ஒட்டினாள். ஒன்று ராஜபாண்டி வீட்டு ஜன்னலில். இரண்டு எங்கள் மொட்டைமாடியில். மூன்று என் எடைமேடை அறையில். நாலு கடைப் பெஞ்சில். ஐந்தும் ஆறும் ராஜபாண்டி வீட்டின் உள்ளறையில், மேற்குச் சுவரில் இருந்த சிமெண்ட் தட்டில். அதில் ஐந்து திறந்தபடி. ஆறு ஒரு பழைய பெட்டிக்குள், ஓட்டைகளுக்கெல்லாம் மெல்லிய வலைத்துணி ஒட்டி.

"அண்ணே, தினம் பாத்து எழுதிருதியா?"

"எழுதுதேன். துருன்னா எவ்வளவு துரு?"

"ஒரு பொட்டு தெரிஞ்சாப் போதும்."

அதிலிருந்து நாற்பத்தைந்து நாளும் நான் வேலைக்குப் போகுமுன் ராஜபாண்டி வீட்டுக்கும், வேலை முடிந்ததும் கடைக்கும் சைக்கிளில் போய்வந்தேன். அவரது மனைவி அனுசியா முதல் வாரம் காப்பி கொடுத்தாள். இரண்டாம் வாரம், "தெனமும் வந்து ஆணியப் பாத்துட்டுப் போறிய, பக்கத்து வீட்டுல செய்வினைன்னு நெனைக்காவ" என்றாள். மூன்றாம் வாரம் அவளே கதவைத் திறந்ததும், "ஒண்ணும் ஆகல, அஞ்சாம் நம்பரு நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவாள்.

சீனித்தாய் அந்த நாட்களில் எப்படி இருந்தாள் என்று சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கும்போது ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்துத் திட்டு வாங்கினாள். பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போனாள், மூன்று தடவை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய் இரண்டாம் எண்ணைப் பார்த்துவிட்டு வருவாள். அரைமணியில் துரு ஏறாது என்று சொன்னால், "தெரியும்ணே" என்பாள். மறுபடியும் போவாள். ஒரு நாள் காற்று நின்று புழுங்கியது. ஊரெல்லாம் விசிறிக்கொண்டு இருந்தபோது அவள் மட்டும், "அடிக்க மாட்டேங்குதே, ஏண்ணே அடிக்க மாட்டேங்கு?" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். தன் கம்ப்யூட்டரைக் கொன்ற காற்றுக்காக இப்படித் தவித்தவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

முதல் பொட்டுத் துரு தெரிந்த நாளாக நான் எழுதியது இதுதான். ராஜபாண்டி ஜன்னல், எட்டாம் நாள். மொட்டைமாடி, பதினொன்று. எடைமேடை அறை, பதினேழு. ஒவ்வொரு வண்டிக்கும் கதவைத் திறக்கிறோமே. திறந்தபடி இருந்த ஐந்தாம் எண், முப்பத்தொன்று. கடைப் பெஞ்ச், முப்பத்தெட்டு. வலைத்துணிக்குள் இருந்த ஆறாம் எண், நாற்பத்தைந்தாம் நாளும் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

இடம் தெரிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் முகம் தெளியவில்லை.

"உள்ளறையில காத்தே கெடையாதுண்ணே. துணிய வேற ஒட்டிட்டா சூடு எப்படி வெளிய போகும்? பழைய கார்டு மாதிரி பெருசு வச்சா நூத்தி முப்பது வாட் தின்னும். துருவுக்குத் தப்பி சூட்டுல சாகும்."

"அப்போ சின்ன கார்டு வை."

"சின்னது எழுவத்தஞ்சு வாட்டுதாம். சூடு கம்மி, வெலயும் கம்மி. ஆனா வெளையாட்டு திக்கித் திக்கி ஓடும். பாண்டியண்ணன் காசு குடுத்துட்டு மாட்டுவண்டியா ஓட்டுவாரு?"

அந்த மாதிரிச் சின்ன கார்டு ஒன்று பெர்சியின் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி இருபத்தாறு, அதை இரவல் கேட்டாள். பெர்சி, "ஏளா கருவாடு, என் கார்டையும் காய வச்சிராத" என்றான். ஆனால் கார்டைத் தனியாகத் தராமல், முழுக் கம்ப்யூட்டரையும் பைக்கில் தூக்கிக்கொண்டு ராஜபாண்டி வீட்டுக்கு அவனே வந்துவிட்டான். என்ன நடக்கிறதென்று பார்க்காமல் அவனாலும் இருக்க முடியவில்லை.

உள்ளறையில் அரிசி டின்னை நகர்த்தி இடம் செய்தோம். அனுசியா வாசலில் நின்று, "லாரிய வீட்டுக்குள்ளயே கொண்டாந்தாச்சி. இனி டோல்கேட்டு ஒண்ணுதாம் பாக்கி" என்றாள். ராஜபாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார். விளையாட்டில் ஏதோ வெளிநாட்டு ரோடு. மரங்கள் அடர்ந்த இடம் வந்ததும் படம் திக்கியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

சீனித்தாய் திரையைப் பார்க்கவில்லை. அரிசி டின்னின்மேல் உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாண்டியண்ணே, இப்ப வலப்பக்கம் ஒரு பெரிய சர்ச்சு போச்சே, பாத்தியளா?"

"எங்க?"

"ரோட்டோரத்து மரம் என்ன நெறம்?"

"மரத்தப் பாத்து ஓட்டிருந்தா நான் இந்நேரம் மரத்துலதாம் இருப்பேன் தாயி. ரோட்டப் பாப்பேன், சைடு கண்ணாடியப் பாப்பேன். பின்னால வாரவன் தெரியணும். இதுல கண்ணாடி மங்கலாத் தெரியுது, அதாம் எரிச்சலா வருது."

அவள் சட்டென்று எழுந்தாள். விளையாட்டை நிறுத்தி அமைப்புகளுக்குள் போனாள். மரத்தின் இலையைக் குறைத்தாள். நிழலைக் குறைத்தாள். புல்லை எடுத்தே விட்டாள். தூரத்து மலையைக் குறைத்தாள். சைடு கண்ணாடியை மட்டும் உச்சத்தில் வைத்தாள். "ஓட்டுங்கண்ணே."

ஓட்டினார். மரங்கள் வந்தன, போயின. திக்கவில்லை. அவர் கை ஸ்டியரிங்கில் தளர்ந்தது. பின்னால் வந்த காருக்குக் கண்ணாடியைப் பார்த்து வழிவிட்டார்.

"ஏ! இப்பம் நல்லா போகுதே! என்னளா செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யல. நீங்க பாக்காததயெல்லாம் எடுத்துட்டேன்."

புறப்படும்போது பெர்சி, "சீனி, அந்தத் துணி எந்தக் கடையில வாங்குன?" என்று கேட்டான்.

இருபதாவது பட்டியலை ஒரே மூச்சில் எழுதினாள். போர்டு ஆறாயிரத்து நானூறு. சின்ன கார்டு பதினோராயிரத்து எண்ணூறு. நல்ல பவர் சப்ளை மூவாயிரத்து அறுநூறு. முன்பக்கம் மூடிய பெட்டி இரண்டாயிரத்து எழுநூறு. மிச்சம் ஐந்நூறு வலைத்துணிக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கும். அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே பட்டியல் அதுதான்.

பூட்டி முடித்த அன்று ராஜபாண்டியும் நானும் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பட்டியலைப் படித்தார். கேரண்டித் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவை எடுக்கவில்லை.

"சின்ன கார்டா போட்டிருக்கே?"

"இதுதாம் அண்ணாச்சி அந்த எடத்துக்குச் சரி."

"சரியோ தப்போ. பெருச வித்த கட நம்ம கட. இப்பம் சின்னதக் குடுத்தா வெளிய என்ன பேசுவான்? ஏமாத்திட்டான்னுதான பேசுவான்?"

"நாந்தான அண்ணாச்சி கேட்டு வாங்குதேன்" என்றார் ராஜபாண்டி.

"நீரு இன்னைக்கு இப்படிச் சொல்லுவீரு. மரம் மொட்டையா நிக்குன்னு நாளைக்கி ஒம்ம அக்கா மவன் சொல்லுவான், அப்பம் எங்கிட்ட வருவீரு. ஏளா, பழைய கார்டு மாதிரியே ஒண்ணு செகண்ட்ஹேண்டுல வாங்கிப் போடு. பெட்டி பழசே இருக்கட்டும். ஜன்னல மட்டும் சாத்தச் சொல்லு. அப்படின்னா நான் கையெழுத்துப் போடுதேன்."

"அப்படிப் போட்டா அடுத்த கொண்டல் தாங்காது. ஜன்னலச் சாத்துவாவ, ரெண்டு நாள் கழிச்சித் தொறந்துருவாவ."

"அப்பம் என் கையெழுத்து கெடையாது. ஒரு வாட்டி போட்டுப் பதினஞ்சாயிரம் குடுத்தாச்சி." தாளை அவள் பக்கம் தள்ளினார். "அவ்வளவு தைரியமிருந்தா நீ போடு. திரும்பி வந்தா கட குடுக்காது, ஒன் சம்பளத்துல புடிப்பேன். பெஞ்சும் போச்சி."

பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய மாதிரி பூட்டிக் கொடுத்துவிட்டுப் பழியை அண்ணாச்சி கையெழுத்தின்மேல் போட்டுவிடலாம். நான் அவள் காலைப் பார்த்தேன். ஆடவில்லை.

"பெர்சியண்ணே, பேனா" என்றாள்.

பெர்சி தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் குனிந்து எழுதினாள். எஸ், டி போட இரண்டு நொடி போதும். அவளுக்கு அதைவிட நேரமாயிற்று. என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. ராஜபாண்டி தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம். அவர் லாரி எடைமேடையில் ஏறும்போதெல்லாம் நான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் எடையை. "தம்பி, நீ வண்டிக்கு எட போடுதியா, என் மூஞ்சிக்கா?" என்பார். அக்டோபரில் கொண்டல் தொடங்கியது. நவம்பரில் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "என்ன அண்ணாச்சி? கம்ப்யூட்டரா?"

"ஆமா தம்பி."

"என்னாச்சி?"

"நல்லாத்தாம் இருக்கு. அனுசியா ஓட்டப் பழகிட்டா. எனக்கு ஸ்டியரிங் கெடைக்க மாட்டேங்கு."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அந்தச் சீட்டில் நான் வண்டி எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கைத்தவறு அது ஒன்றுதான்.

சீனித்தாய் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வலைத்துணியை மாற்றிவிட்டு வந்தாள். ஆறாம் எண் ஸ்குரூவைப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பாள். டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலேயே இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போனும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், அம்மா தடுக்கத் தடுக்க நடந்தே ராஜபாண்டி வீட்டுக்குப் போனாள். முதலில் அவர்களுக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்தாளாம். பிறகு சுவர்த் தட்டில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாளாம். கரண்ட் வந்தும் ஒரு வாரம் போட விடவில்லை. உள்ளே இருந்த ஈரப் பொட்டலங்களையெல்லாம் மாற்றி, ராமை ரப்பரால் தேய்த்து, பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள். ஓடியது.

2024 மார்ச்சில் வருஷம் முடிந்தது. ராஜபாண்டி எடைமேடையில் வண்டியை நிறுத்தி இறங்கிவந்தார். பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற நிலை.

"தம்பி, இது காலாவதி ஆயிட்டு. புதுசு எழுதித் தர முடியுமான்னு தங்கச்சியக் கேளு. அண்ணாச்சி வேண்டாம். இந்தக் கையெழுத்தே போதும்."

புதிது எழுதி வாங்கிக் கொடுத்தேன். இப்போது பெஞ்சில் அவள் பூட்டுகிற ஒவ்வொன்றுக்கும் அவளே போடுகிறாள், அண்ணாச்சி கேட்பதில்லை. பழைய தாளை நான் வைத்துக்கொண்டேன். அன்றுதான் அதை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். அண்ணாச்சி பெயர் அச்சடித்த கோட்டுக்குக் கீழே, பெர்சியின் நீலப் பேனாவில், தமிழில், ஒரு எழுத்தும் விடாமல், "சீனித்தாய்" என்று இருந்தது. பக்கத்தில் தேதியும் போட்டிருந்தாள்: 16 மார்ச் 2023, வியாழக்கிழமை.